கனதூரமோ, மிஸ் டெலனி?

நான் ஓய்வுபெற்ற பிறகும் என்னைத் தொலைபேசியில் விடாமல் பிடிப்பவள் ஆரணி. நகரத்தின் நடுவிலே உள்ள நாடக அரங்கில் நான் செய்த அதே வேலையை இப்போது அவள் செய்கிறாள். நாடகம் நடக்கும்போது மேடைக்குப் பக்கத்தில் நின்று நடிகர்களுக்கு உடுப்பு மாற்றிவிடும் வேலை, ட்ரெஸ்ஸர் என்பார்கள். இங்கேயே பிறந்த பிள்ளை. நகரத்தின் ஓரத்தில் உள்ள மில்லிக்கனிலிருந்து வேலைக்குக் கார் ஓடிக்கொண்டே என்னோடு கதைப்பாள். போன மாதம் அப்படித்தான் ஒரு நாள் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, நீங்கள் மிஸ் டெலனிக்கு ட்ரெஸ் பண்ணினீங்களாமே? ஓ மை காட்! நேற்றுத்தான் அவவின்ரை பழைய படம் ஒண்டு பாத்தனான். ஷீ வாஸ் ஸோ குட். ரியல் லைஃபிலை அவ எப்பிடி அன்ரி?"

"எனக்குத் தெரியாது பிள்ளை."

"என்ன அன்ரி, ஒரு வின்ரர் முழுக்கப் பக்கத்திலை நிண்டிருக்கிறியள்!"

"பக்கத்திலை நிண்டபடியாத்தான் தெரியாது."

நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு வேறொன்று சொன்னாள். வயது போன நடிகர்களிடம் என்ன கேட்கலாம், என்ன கேட்கக்கூடாது என்று இப்போது ட்ரெஸ்ஸர்களுக்குத் தனியாக ஒரு வகுப்பு வைக்கிறார்களாம். உங்கள் காலத்தில் எப்படி என்று மற்றப் பிள்ளைகளும் கேட்கிறார்களாம், எழுதித் தாருங்கள் என்றாள். எழுதுகிறேன். ஆனால் இதைப் படித்து யாருக்காவது தெளிவு பிறந்தால் தயவுசெய்து எனக்கும் சொல்லுங்கள்.

மிஸ் டெலனி என்பது நான் வைத்த பெயர். உண்மைப் பெயரை எழுதினால் யாராவது சண்டைக்கு வருவார்கள்.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் குளிர்ச்சட்டை தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் ஸிப் வைத்துத் தைத்தேன். காலையிலிருந்து பின்னேரம் வரை ஸிப்தான். தொழிற்சாலையை மூடியபோது, கூடத் தைத்த போர்த்துக்கீசப் பெண் ஒருத்தி நாடக அரங்கில் தையலுக்கு ஆள் தேடுகிறார்கள் என்றாள். போனேன். கொஞ்சக் காலம் தையல் அறையில் இருந்தேன். ஒரு நாள் மேடைப் பக்கம் ஆள் குறைந்தது, என்னைத் தள்ளிவிட்டார்கள். பயிற்சி என்று நான் பெற்றது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் மொய்ரா.

மொய்ரா எங்கள் உடுப்புப் பகுதியின் தலைவி. ஸ்கொட்லாந்துக்காரி. வாயில் எப்போதும் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருப்பார். அப்படியே பேசுவார், ஒன்றுகூட விழாது. கோபம் வந்தால் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சில் குத்துவார். வாயில் ஊசி முடிந்தால் எங்கள் கதையும் முடிந்தது. நாம் பிழை செய்தால் ஏச மாட்டார். நாம் பூட்டியதையெல்லாம் பொறுமையாகக் கழற்றி, நடிகரையும் உடுப்பையும் திரும்ப நம்மிடமே தருவார். அதற்கு நாலு ஏச்சு வாங்கிக்கொண்டு போகலாம்.

அவர் பழக்கிய முறையை இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். மேடைக்குப் பக்கத்தில் கறுப்புத் துணியால் மறைத்த ஒரு மூலை இருக்கும். அங்கே உடுப்புகளைத் தலைகீழ் வரிசையில் அடுக்க வேண்டும். கடைசியாகப் போடுவது அடியில். பொத்தான்கள் எல்லாம் திறந்தபடி. கையுறையின் விரல்களை ஊதிப் பிரித்து வைக்க வேண்டும். நாங்கள் உச்சியிலிருந்து கால் வரை கறுப்பு உடுத்திருப்போம். வளையல் கூடாது. தாலிக்கொடியைச் சட்டைக்குள்ளே விட்டு மேலே பிளாஸ்ரர் ஒட்டிக்கொள்வேன். இருட்டில் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன ரோச் லைற்றைப் பல்லில் கடித்திருப்போம், ஆகவே பேச்சுக் கிடையாது. தொடுவதற்கு முன் கைகளை உரசிச் சூடாக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் தோளில் இரண்டு தட்டு. அந்தத் தட்டு விழாமல் எந்த நடிகரும் அசைய மாட்டார்.

மிஸ் டெலனி எங்களிடம் வந்தபோது எழுபதைத் தாண்டியிருந்தார். இளம் வயதில் கறுப்பு வெள்ளைப் படங்களின் கதாநாயகி. பிறகு நியூயோர்க் மேடைகள். பிறகு நீண்ட காலம் ஒன்றுமில்லை. பெயருக்காகவே ரிக்கெற் விற்கும் என்று எங்கள் அரங்கு அவரை அழைத்திருந்தது. நாடகத்தில் அவர், பல வருடங்களுக்கு முன் குடும்பத்தை விட்டுப் போன ஒரு தாய். மகன் வீட்டை விற்கப் போகிறான் என்று கேள்விப்பட்டு ரயிலில் திரும்பி வருகிறாள், தோட்டத்தில் அவனோடு சண்டை பிடிக்கிறாள், கடைசியில் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் வாசலால் வெளியேறுகிறாள். இதுவும் நான் பக்கவாட்டில் நின்று பொறுக்கியதுதான். முன்னால் இருந்து அந்த நாடகத்தை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை.

அவரும் மொய்ராவும் என்னோடு பேசியது ஆங்கிலம். எனக்குள்ளே அது யாழ்ப்பாணத் தமிழாகத்தான் கிடக்கிறது. கிடக்கிறபடி எழுதுகிறேன்.

முதல் நாள், ஒப்பனை அறையில் முதுகுப் பொத்தான்களைப் பூட்டும்போது சொன்னார்: "என்ரை அப்பா டொக்டர் டார்லிங். வீட்டிலை ஒரு பியானோ இருந்தது. பின்னேரத்திலை அம்மா வாசிப்பா." எனக்குப் பெரிய மரியாதை வந்துவிட்டது. அடுத்த கிழமை, அப்பா இறைச்சிக் கடையில் எலும்பு வெட்டியவர் என்றார். அவரைக் கட்டிப்பிடித்தால் உப்பு மணக்குமாம்.

"அப்ப பியானோ?" என்று கேட்டேன்.

"உது ஸ்ரூடியோ எழுதித் தந்தது டார்லிங்."

ஒப்பந்தம் போட்ட உடனே ஸ்ரூடியோ அவருக்குப் புதுப் பெயர் வைத்ததாம். நெற்றி பெரிதாகத் தெரிய முன்மயிரைப் பிடுங்கினார்களாம். கன்னம் ஒட்ட வேண்டுமென்று கடைவாய்ப் பற்களைக் கழற்றினார்களாம். பத்திரிகைக்காரர் வந்தால் சொல்வதற்கு ஒரு பிறந்த ஊர், ஒரு டொக்டர் அப்பா, ஒரு பியானோ. விளம்பரப் பகுதியிலிருந்து ஒரு பெண் காலையில் வந்து, பாடம் கேட்பதுபோலக் கேட்பாளாம். "சொல்லிச் சொல்லி, பியானோச் சத்தமே ஞாபகம் வரத் துவங்கிட்டுது. இறைச்சிக் கடைதான் இப்ப ஆரோ எழுதினமாதிரிக் கிடக்கு," என்றார்.

ஒரு பாத்திரத்தில் நடிக்க மாட்டேன் என்று மறுத்ததற்காக ஸ்ரூடியோ அவரைச் சும்மா இருத்தி வைத்ததாம். அந்தக் கோபத்தில் நியூயோர்க் போய் மேடை ஏறினாராம். "படத்திலை அவைக்கு என்ரை முகம் மட்டும் போதும். மேடையிலைதான் டார்லிங் எனக்குக் கால் கிடைச்சது." இதை மட்டும் ஒரு நாளும் மாற்றிச் சொல்லவில்லை. புருஷன்மாரின் கணக்கு ஒவ்வொரு நாளும் மாறும். போன மாதம் ஆரணி இணையத்தில் பார்த்து வாசித்தாள், அப்பா பள்ளிக்கூட ஆசிரியராம். அது மூன்றாவது அப்பா. எனக்குத் தலை சுற்றியது.

அவரைப் பொய்க்காரி என்று சொல்ல என் வாய் வராது. ஊரிலிருந்து என்னைக் கூட்டிவந்த ஏஜென்ற் வேறொருத்தியின் பாஸ்போட்டைத் தந்து, அவளுடைய பெயரையும் பிறந்த இடத்தையும் என்னைப் பாடமாக்க வைத்தான். நித்திரையில் தட்டி எழுப்பிக் கேட்பான். இன்றைக்கும் யாராவது சட்டென்று பெயர் கேட்டால் அவளுடைய பெயர்தான் நாக்கு நுனிக்கு முதலில் வருகிறது. இதை ஒரு நாள் மிஸ் டெலனியிடம் சொன்னேன். சிரிப்பார் என்று பார்த்தால், கண்ணாடியில் என்னையே பார்த்துக் கேட்டார்.

"அவளுக்கு என்ன நடந்தது?"

"ஆருக்கு?"

"அந்த மற்றப் பெட்டைக்கு."

அப்படி ஒருத்தி உண்மையாக இருந்தாளா என்றே எனக்குத் தெரியாது. அதுவரை நான் அதை யோசித்ததும் இல்லை.

நாடகம் தொடங்கிச் சில கிழமைகளில் பிசகுகள் வந்தன. ஒரு நாள் இடைவேளையில், வேறு ஏதோ பழைய நாடகத்தின் பச்சைச் சட்டை எங்கே என்று கேட்டார். ஒரு நாள் மேடையில் மகனை வேறு பெயரால் கூப்பிட்டார். நிர்வாகம் இதைக் கவனித்தது. அவருக்குப் பதிலாக நடிக்கத் தயார்படுத்திய மாற்று நடிகையை, அதே கோட்டும் தொப்பியுமாக ஒவ்வொரு காட்சிக்கும் இருட்டில் நிறுத்தி வைத்தார்கள். மிஸ் டெலனிக்கு அது தெரியும். அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டார்.

"அவவை ஒருக்கா மேடைக்கு விட்டினமெண்டால் நான் முடிஞ்சன் டார்லிங்," என்று என் காதுக்குள்ளே சொன்னார். "அதுக்குப் பிறகு ஒருத்தரும் என்னை நடிக்கக் கூப்பிட மாட்டினம்." அப்போது அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்த இறுக்கம் பொய்யில்லை. அது ஒன்றுதான் எனக்கு நிச்சயம்.

மொய்ரா என்னைத் தனியே கூப்பிட்டார். "இனி மேடைக்குப் போக முதல் ஒவ்வொரு தரமும் அவவைக் கேளும், இப்ப எங்கை போறியள் எண்டு. தோட்டத்துக்கு, மகனோடை சண்டைக்கு எண்டு நாடகத்திலை உள்ளதைச் சொன்னால் தட்டிவிடும். வேறை என்னவும் சொன்னால் எனக்குக் கையை உயர்த்தும். மற்றவவை அனுப்புவம்."

வெளிக்கிட்டு நிற்கிற மனிசரைப் பார்த்து 'எங்கை போறியள்' என்று கேட்பதா? போகிற காரியம் உருப்படுமா? நாங்கள் குடியிருக்கும் வெக்ஸ்போர்ட் தொடர்மாடியில், லிஃப்ற் வாசலில் நிற்கும் என் புருஷனைக்கூட நான் அப்படிக் கேட்டதில்லை. கட்டாயம் அறிய வேண்டுமென்றால் 'கனதூரமோ', அதாவது நெடுந்தூரமோ, என்று கேட்போம், அவர்களாக இடத்தைச் சொன்னால் சரி. வேலை வேலைதான் என்று நீங்கள் சொல்வீர்கள். வாய் வர வேண்டுமே!

அன்று பின்னேரம் தோட்டக் காட்சிக்கு முன் சால்வையைச் சரிசெய்தேன். ரோச்சைப் பல்லிலிருந்து எடுத்தேன். "கனதூரமோ, மிஸ் டெலனி?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

"இல்லை டார்லிங், தோட்டத்துக்குத்தான். அந்த விசர்ப் பெடியனோடை சண்டை பிடிக்க."

தட்டினேன். போனார். நானும் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து, முதல் காட்சிக்கு முன் கேட்டேன். "ஓம் டார்லிங், சரியான தூரம். ரெயிலிலை நாள் கணக்கா இருக்க வேணும்." முழித்தேன். நாடகத்தில் தாய் ரயிலில்தான் வருகிறாள். ஆனால் கலிபோர்னியாவுக்கு அம்மாவோடு ரயிலில் போன கதையையும் காலையில்தான் சொல்லியிருந்தார். இது எந்த ரயில்? தட்டினேன். அன்று அற்புதமாக நடித்தார். இன்னொரு நாள், "அப்பாவைப் பாக்க," என்றார். நாடகத்தில் அப்பாவே கிடையாது. கை அரைவாசி உயர்ந்துவிட்டது. அவர் கண்ணில் ஒரு சின்னச் சிரிப்புத் தெரிந்தது மாதிரி இருந்தது, கையை இறக்கித் தட்டிவிட்டேன். அன்றும் ஒரு பிசகும் இல்லை. ஆனால் "தோட்டத்துக்கு" என்று கணீரென்று சொன்ன ஒரு நாள், பாதிச் சண்டையை விழுங்கிவிட்டு முடிவுக்குத் தாவினார். எந்தப் பதிலுக்குப் பயப்படுவது, எதற்குச் சந்தோஷப்படுவது என்று எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

ஒரு நாள் மொய்ரா கிட்ட வந்து நின்று நான் கேட்பதைக் கேட்டுவிட்டார். மிஸ் டெலனி மேடைக்குப் போனதும் வாயிலிருந்து ஒரு ஊசி பஞ்சுக்குப் போனது.

"கனதூரமோ எண்டால் என்ன கேள்வி?"

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினேன். இரண்டாவது ஊசியைத் தொட்ட விரல் அப்படியே நின்றது.

"என்ரை அப்பா மீன் பிடிக்கிறவர்," என்றார். "அவர் துறைக்குப் போகேக்கை நாங்களும் கேக்கமாட்டம்." பஞ்சில் குத்திய ஊசியை எடுத்துத் திரும்ப வாயில் வைத்தார். "சரி, உம்மடை கேள்வியையே கேளும். பதிலை வடிவாக் கேளும்." வடிவாகக் கேட்டு என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சி. கடைசிக் காட்சிக்குக் கோட்டைப் போட்டு, கையுறையை இழுத்துவிட்டு, கேட்டேன். என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"நான் எங்கை போறன்?" என்று கேட்டார்.

கேட்கக்கூடாத கேள்வியைப் போகிறவரே கேட்டால் என்ன செய்வது? இருட்டுக்குள்ளே மாற்று நடிகை அதே கோட்டோடு நிற்கிறார். எதிர்ப்பக்கத்தில் மொய்ரா என் கையையே பார்க்கிறார். கையை உயர்த்தினால் மிஸ் டெலனி முடிந்தார். உயர்த்தாவிட்டால், இத்தனை சனத்துக்கு முன்னால் அவரை அந்தரத்தில் நிற்க விட்டவள் நான். அவர் பயந்து கேட்கிறாரா, இல்லை என்னைச் சோதிக்கிறாரா? முகத்தைப் பார்த்து அறியலாம் என்றால், அந்த முகத்தின் தொழிலே அதுதானே.

"நீங்கள் வீட்டை விட்டு வெளிக்கிடுறியள், மிஸ் டெலனி," என்றேன். "மகன் அங்கை நிக்கிறான். சொல்ல வேண்டியதைச் சொல்லிப்போட்டு வாசலாலை வெளிக்கிடுங்கோ. போயிட்டு வாங்கோ."

தோளில் இரண்டு தட்டு.

போனார். என்ன பேசினார் என்று எனக்குக் காது கேட்கவில்லை, நெஞ்சிடி அப்படி. சபை மூச்சு விடாமல் இருந்தது மட்டும் தெரிந்தது. பிறகு மேடைவாசலைத் திறந்துகொண்டு என் பக்கமாக வெளியே வந்தார். கோட்டை வாங்கக் கையை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போனார். நடைபாதையைத் தாண்டி, பின்கதவைத் திறந்து, தெருவில் இறங்கிப் போய்விட்டார். உள்ளே கைதட்டல் கூரையைப் பிய்த்தது. மற்ற நடிகர்கள் நடுவில் ஒரு இடத்தை வெறுமையாக விட்டுக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

நான் அந்தக் குளிரில் குளிர்ச்சட்டை இல்லாமல் ஓடினேன். ஸ்ரீற்கார் என்கிற ட்ராம் வண்டி நிற்கும் இடத்தில், பொதிகளோடு நின்ற சனத்துக்குள்ளே, தொப்பியும் கையுறையுமாக நிமிர்ந்து நின்றார்.

"மிஸ் டெலனி, உள்ளை வாங்கோ. சனம் கை தட்டிக்கொண்டு நிக்குது."

"நான் வெளிக்கிட்டிட்டன் டார்லிங். நீதானே சொன்னாய்."

"போயிட்டு வாங்கோ எண்டும் சொன்னனான்."

யோசித்தார். "ஓம். அதையும் சொன்னாய்தான்." என் கையைக் கோத்துக்கொண்டு திரும்பி நடந்தார். நாங்கள் உள்ளே வந்தபோது சபையில் விளக்குப் போட்டாயிற்று. அரைவாசிச் சனம் போய்விட்டது. பின்கதவடியில் நிர்வாகி நின்றுகொண்டிருந்தார்.

நான் சொன்னதால்தான் அவர் தெருவுக்குப் போனாரா? இல்லாவிட்டால், இனி இந்த மேடைக்குத் தன்னை விடமாட்டார்கள் என்று தெரிந்து, மற்றவர்கள் அனுப்புவதற்கு முன் தானே போனாரா? எத்தனை வருடம் இதை உருட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அப்படித் தெரிகிறது, மறுநாள் இப்படித் தெரிகிறது.

அடுத்த முறை நாடகம் போடும்போது மாற்று நடிகைதான் என்று முடிவாயிற்று. மிஸ் டெலனி தங்கியிருந்த ஹோட்டலுக்கு அறிவித்ததாகவும், அவர் நல்லது என்று சொன்னதாகவும் நிர்வாகம் சொன்னது. ஆனால் அன்று வழக்கமான நேரத்துக்கு அவர் வந்துவிட்டார். தானே ஒப்பனை செய்து, உள்பாவாடையோடு கண்ணாடிக்கு முன்னால் இருந்தார். மாற்று நடிகைக்குக் கோட்டைத் தூக்கிக்கொண்டு நான் அந்த வாசலைத் தாண்ட வேண்டியிருந்தது.

"கௌரி," என்றார், "இண்டைக்கு நீ பிந்திப்போனாய்."

அதுவரை நான் அவருக்கு டார்லிங் மட்டும்தான். என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்குத் தெரியாது. கோட்டோடு நின்றேன். அழுகை வந்தது. பின்னால் மொய்ரா வந்தார். வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். கடைசி ஊசி வரைக்கும் குத்தினார். என் வேலை போய்விட்டது என்று நினைத்தேன்.

"நீர் போய் மற்றவவைப் பாரும்," என்றார் என்னிடம்.

ஒவ்வொரு உடுப்பிலும் இரண்டு செய்து வைத்திருப்போம். மொய்ரா இரண்டாவது செற்றை எடுத்து வந்து, வரிசைப்படி தலைகீழாக அடுக்கி, கைகளை உரசிச் சூடாக்கி, மிஸ் டெலனிக்கு உடுத்தத் தொடங்கினார்.

நான் மேடைப் பக்கம் போனேன். மாற்று நடிகை நல்ல மனிசி, அவருக்கும் கை குளிர்ந்திருந்தது. கடைசிக் காட்சிக்கு அவரைத் தட்டி அனுப்பினேன். அவர் வாசலால் வெளியே வரக் கொஞ்ச நேரம் இருந்தது. கீழே ஓடிப்போய் ஒப்பனை அறையை எட்டிப் பார்த்தேன்.

மேடையில் பேசுவது கேட்பதற்காக அந்த அறைச் சுவரில் ஒரு ஸ்பீக்கர் இருக்கும். மிஸ் டெலனி கோட்டும் தொப்பியும் கையுறையுமாகக் கதிரையில் நிமிர்ந்து இருந்தார். மொய்ரா நிலத்தில் குந்தியிருந்து, கோட்டின் பிரிந்திராத விளிம்பைத் தைத்துக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரில் தாய் பேசப் பேச மிஸ் டெலனியின் உதடுகள் கூடவே அசைந்தன. ஒரு சொல் முந்தவில்லை, ஒரு சொல் பிந்தவில்லை. அந்தப் பாதிச் சண்டையை விழுங்கிய மனிசியா இது? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அப்போது மேடையில் மாற்று நடிகை வசனம் வராமல் தடுமாறினார். ஸ்பீக்கர் பேசாமல் இரைந்தது.

"கதவைத் திறந்தபடி விடு," என்றார் மிஸ் டெலனி, ஸ்பீக்கரைப் பார்த்து. "நான் போறதை நீ பார்க்க வேணும்."

அங்கே கேட்கவில்லை. கொஞ்சம் உரத்து, இன்னொரு முறை சொன்னார்.